கூமுட்டை போட்ட புள்ளிகள்

அவை என்ன புள்ளிகள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கூடி நின்ற இடத்தில், அவற்றைப் போட்டவரே என்னைக் காட்டி "இவரைக் கேளுங்க" என்று சொன்ன பிறகும், தெரியாது என்றுதான் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் குடியிருந்த இடத்தையும் பார்த்த வேலையையும் இழந்தார். எனக்கு அவர் மேல் பகை இல்லை. பொறாமைப்பட அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் மேல் வீசிய நாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நாங்கள் யாரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கூமுட்டை என்றுதான் கூப்பிட்டோம். அவரும் அதற்கு "என்னலா?" என்று திரும்பிப் பார்ப்பார். இப்போது அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். அப்போது மனசுக்குள் அவன் என்றுதான் வைத்திருந்தேன்.

ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போய்க் கொஞ்சம் தலை தூக்கியிருந்த காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டைக் கல்யாணமாகாத கிராணிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து மெஸ்ஸாக நடத்தினோம். நான் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. வீட்டுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், பெரிய கிராணி என்று அழைக்கப்பட்டவர். யார் எந்த அறையில் படுப்பது, குசினியில் என்ன சமைப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். ஒரு அறைக்கு இரண்டு பேர். என் அறையில் இருந்தவன் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனதும் அந்த இடத்தில் இவரைப் போட்டார்.

இவர் ஈயச் சுரங்கங்களுக்குக் கொதிகலன் செய்து கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பட்டறையில் தண்ணீர் சோதிப்பவர். கொதிகலனுக்குள் விடுகிற தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் உள்ளே படிந்து கல்லாகிவிடும். அதை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். உலோகங்களைச் சோதிக்கிற வாயு ஒன்று உண்டு, அதுவும் அவர் பொறுப்பில்தான். அழுகிய முட்டையின் நாற்றம் அதற்கு. சட்டையில், தலைமயிரில், பாயில், அவர் தொட்ட கதவுத் தாழ்ப்பாளில் எல்லாம் அது ஏறியிருந்தது. வெள்ளி உப்புக் கரைசல் பட்டுப் பட்டு அவருடைய விரல் நுனிகள் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பு சோப்புக்குப் போகாது, தோல் உரிந்தால்தான் போகும்.

வேலையால் வந்த அழுக்கை ஒருவன் பொறுத்துக்கொள்ளலாம். அவராகச் சேர்த்துக்கொண்டதுதான் என்னால் முடியவில்லை. காது குடைந்த தீக்குச்சியை உதறிவிட்டு அதையே மையில் தொட்டுக் காகிதத்தில் புள்ளி வைப்பார். பேசிக்கொண்டே கால்விரல் இடுக்கில் வெந்திருந்த தோலை உரிப்பார். எங்கள் அறைச் சுவர் தார் பூசிய பலகை. அது அவருக்குக் கரும்பலகை. சாக்குக்கட்டியின் நுனியை நாக்கில் வைத்து நனைத்து நனைத்துச் சுவரில் புள்ளி குத்துவார். எச்சில் காய்ந்தால் புள்ளி பளிச்சென்று நிற்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆக நான் படுத்துக்கொண்டு பார்த்த சுவர் முழுக்க அவருடைய எச்சில்.

அந்த மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே பிடிப்பு அந்தப் புள்ளிகள்தான். நான் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அணு, வாயு என்று கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புள்ளி எதையும் அங்கே பார்த்ததில்லை. இவர் ஏலத்தில் எடுத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். வந்த வாரமே எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

நடுவில் எழுதுகிற ஆங்கில எழுத்து ஒரு அணுவைக் குறிக்கும். அதன் நான்கு பக்கமும் வைக்கிற புள்ளிகள் அந்த அணுவின் வெளிச்சுற்றில் உள்ள எலெக்ட்ரான்கள். பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு நிறைந்தால் அணு அடங்கும். நிறையும் வரை அலையும். இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு புள்ளி போட்டு ஒரு ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொண்டால் அது சேர்க்கை. கொடுத்தோ வாங்கியோ தீர்த்துக்கொண்டால் அந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டு, மேல் மூலையில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட வேண்டும். அதற்கு அயனி என்று பெயர்.

"இங்க பாரு," என்பார் சுவரைத் தட்டி. "சோடியம் கையில ஒண்ணே ஒண்ணு. அத வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம, யாராச்சும் வாங்கிக்கிட்டாப் போதும்னு அலையும். குளோரினுக்கு ஏழு இருக்கு. அப்பவும் பத்தாது. ஒண்ணு குறையுதேன்னு அடுத்தவன் வீட்ட எட்டி எட்டிப் பார்க்கும். நம்ம பெரிய கிராணி மாதிரிலா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் எது?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "நீ ஆர்கான். உனக்கு எட்டும் நிறைஞ்சு போச்சு. யார் வந்தாலும் ஒட்ட மாட்ட. குத்தமா சொல்லல்ல, அது ஒரு வகை."

அன்றைக்கு என் பாயை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

சாப்பாட்டிலும் இதேதான். சோற்றை உருட்டி நடுவில் வைப்பார். ரசத்தில் மிதக்கிற கடுகைக் கறுத்த விரலால் பொறுக்கி உருண்டையைச் சுற்றி வைப்பார். எட்டு வைத்து முடிக்காமல் வாயில் போட மாட்டார். கடுகு போதாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் இலையிலிருந்து எடுப்பார். "கூமுட்டை, ஒன் பூசைய முடிச்சிட்டுச் சொல்லு, மோர் ஊத்தணும்," என்பான் சமையல்காரன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் வாய் நிறையச் சோற்றோடு சிரிப்பார். பருக்கை தெறிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை பாசாரில் வாங்கின மீன் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்ப் பாயிலேயே வாந்தி எடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மற்றவர்கள் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் இரண்டு கையாலும் அள்ளினார். என் முகத்தைக் கழுவிவிட்டு, "இது ஒண்ணும் இல்லப்பா, எங்க பட்டறையில அடிக்கிற நாத்தத்துக்கு முன்னாடி இது மல்லியப்பூ," என்றார். அந்தக் கை என் வாயருகே வந்தபோது எனக்கு மறுபடியும் குமட்டியது. உடம்பு தேறியதும் நான் முதலில் செய்தது, அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது.

பெரிய கிராணியிடம் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். "அண்ணே, அவர வேற ரூமுக்கு மாத்துங்க." அவர் கையை விரித்தார். "எவன் தம்பி எடுப்பான்? நீங்களே வச்சிக்கிட்டு இருங்க."

அந்தச் சமயத்தில் இவர் ஒரு படத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். கொதிகலனில் படிகிற சுண்ணாம்புக் கல்லின் படம் அது. கால்சியம் இரண்டு புள்ளிகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதை வாங்கிக்கொண்ட பக்கத்தில் நடுவே ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன், மொத்தம் இருபத்துநான்கு புள்ளிகள். மூன்று ஆக்சிஜனுக்கும் எட்டெட்டு நிறைத்துவிட்டால் கார்பனுக்கு ஆறுதான் நிற்கும். ஏதாவது ஒரு ஆக்சிஜன் தன்னுடைய தனி ஜோடியில் ஒன்றைக் கார்பனோடு பொதுவில் வைத்தால் எல்லாருக்கும் நிறையும்.

"எந்த ஆக்சிஜன்கிட்ட போய்க் கேக்கிறது?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "மூணும் ஒண்ணுதானே. ஒருத்தன மட்டும் எப்படிக் கேக்கிறது, சொல்லு."

"எதையாவது கேட்டுத் தொலைங்களேன்."

"அது நியாயம் இல்லப்பா."

அப்படியே நின்றது. பெரிய சதுர அடைப்பு, உள்ளே நான்கு எழுத்து, சுற்றிலும் புள்ளிகள், மேல் மூலையில் இரண்டு கழித்தல் குறி. சுவரில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது.

பக்கத்து அறையில் மணியம் என்று ஒரு பையன், தபால் இலாகாவில் கிராணி. அவனுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. மலேரியாதான். ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை கொடுத்திருந்தார்கள். கசப்புக்குப் பயந்து அவன் பாதியைச் சன்னல் வழியாக வெளியே வீசினான். கிள்ளானிலிருந்து அவனுடைய தாய்மாமன் வந்தார். மந்திரிப்பவர், மை போட்டுப் பார்ப்பவர், திருநீறு கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டு அறை அறையாக வந்தவர் எங்கள் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இத யாரு போட்டது?"

எல்லாரும் வந்து கூடினார்கள். தாய்மாமன் சுவருக்குக் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் காட்டினார். "நடுவுல எழுத்து. சுத்திப் புள்ளி. வெளிய கட்டம். மூலையில குறி. இது சூனியக் கட்டு. செம்புத் தகட்டுல கீறுறதுக்குப் பதிலாச் சுவத்துல போட்டிருக்கான்." பிறகு இவருடைய கையைப் பார்த்தார். "வெரலப் பாருங்க, மை. இதுக்கு மேல என்ன வேணும்? இந்த நாத்தம் எதுல இருந்து வருதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

இவருக்குப் பயமே வரவில்லை. புள்ளிகளைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டாரே என்று முகம் மலர்ந்துவிட்டது. "மாமா, இது சுண்ணாம்பு. பாய்லர்ல படியுது பாருங்க, அது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு அணு," என்று ஆரம்பித்தார்.

"யாருலா ஒனக்கு மாமா?" என்றார் அவர்.

பெரிய கிராணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவரு. ஒரே ரூம்ல இருக்கீங்க. இது படிப்பு சம்பந்தப்பட்டதுதானா?"

"இவரக் கேளுங்க," என்று இவரும் என்னைக் காட்டினார். "இவருக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லியிருக்கேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்று. இவர் போய்விட்டால் இந்த அறை சுத்தமாக இருக்கும்.

"எனக்குத் தெரியாது அண்ணே," என்றேன். "எங்க ஸ்கூல்ல இப்படி எதுவும் சொல்லிக் கொடுக்கல்ல."

அதில் இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால்தான் குரல் நடுங்காமல் வந்தது.

இவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தாய்மாமன் மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், சுவரைக் கழுவ வேண்டும் என்றார். சமையல்காரன் வாளியோடு வந்தபோது இவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம் இருங்க." சாக்குக்கட்டியை எடுத்து நாக்கில் நனைத்தார். மேலே இருந்த ஆக்சிஜனின் பக்கத்திலிருந்து ஒரு ஜோடிப் புள்ளியைக் கட்டைவிரலால் அழித்தார். அதைக் கார்பனுக்கும் அதற்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார். "இப்ப கழுவுங்க," என்றார்.

குறையாக நின்ற படத்தை அப்படியே அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அது புரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கோ, அவர் எல்லார் எதிரிலேயும் அந்தச் சூனியக் கட்டை இன்னும் இறுக்கிவிட்டது போல இருந்தது. ஒருவன் அலறியே விட்டான். இரண்டு பேர் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள்.

மஞ்சள் தண்ணீர் போதாதென்று சாணியைக் கரைத்து அவரையே சுவரைக் கழுவ வைத்தார்கள். பிறகு புளியும் சுண்ணாம்பும் போட்டு அவர் விரல்களைத் தேய்த்தார்கள். கறுப்பு போகவில்லை. போகாதென்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "பாத்தியா, போவுதா பாரு," என்றார் தாய்மாமன், எல்லாரிடமும். தோல் வழன்று ரத்தம் வந்தபோது விட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவன் நான். மத்தியானத்துக்குள் அவருடைய பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள். நான் பினாயில் வாங்கி வந்து அறையை இரண்டு தடவை கழுவினேன். நன்றாகத் தூங்கினேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்து கொய்னாவைக் கட்டாயமாகக் கொடுத்ததில் மணியம் எழுந்துவிட்டான். கட்டு அறுந்ததால்தான் பிழைத்தான் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்தப் பேச்சு பட்டறைக்கும் போனது. அங்கே கொதிகலனுக்குத் தண்ணீர் எடுக்கிற தொட்டியிலிருந்துதான் கூலிகளும் குடிப்பார்கள். சூனியக்காரன் கை வைத்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று வேலையை நிறுத்தினார்கள். பட்டறைத் துரை அதை நம்பவில்லை. ஆனால் வேலை நடக்க வேண்டும். இவரை அனுப்பிவிட்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகக் கிள்ளான் சரக்கு ஆபீசுக்கு என்னைச் சில மாதங்களுக்கு அனுப்பினார்கள். ஆற்றோரத்தில் கழிவு ரப்பரை வாங்கிக் கழுவி அரைக்கிற ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், ஆலை இருந்தது. மரப்பட்டையும் மண்ணும் ஒட்டிய, வாரக்கணக்கில் அழுகின ரப்பர். சரக்கைப் பார்க்கப் போன நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டுதான் உள்ளே போனேன். முழங்கால் வரை அந்தக் கழுநீரில் நின்று மிதித்துக்கொண்டிருந்தவர் அவர்.

என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார். "வாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார். என்னை வா போ என்று பேசிக்கொண்டிருந்தவர்.

நான் சரக்கைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அந்த வார முடிவில் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ப் பெரிய கிராணியைப் பார்த்து, "அண்ணே, அந்தப் புள்ளி சூனியம் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். பொய் சொன்னேன்," என்றேன்.

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "எனக்குந்தான் தெரியும். நானும் நாலு இங்கிலீஷ் பொஸ்தகம் பார்த்தவன். ஒங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன். அந்த நாத்தத்த எத்தன நாள் தம்பி தாங்குறது? விடுங்க."

வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

பட்டறைத் துரையிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். இவருடைய இடத்துக்குப் பின்னால் வந்த ஆள் சரியில்லையாம், கொதிகலன்களில் கல் படிகிறதாம். குடிதண்ணீருக்குத் தனிக் குழாய் வந்துவிட்டது, இப்போது பழையவனையே கூட்டி வரலாம் என்றார். நான் கிள்ளானுக்குப் போய், ஆலை வாசலில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"என்னத்தக் கேக்கிறது? மூக்கு எனக்கும் இருக்குலா."

பட்டறை வேலைக்குத் திரும்பினார். எந்த மெஸ்ஸும் அவரைச் சேர்க்கவில்லை. நான் அதற்குள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பி ஒரு கடையின் மாடியில் தனி அறை எடுத்திருந்தேன். என்னோடு வந்து இருங்கள் என்று கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தேன். செய்ததைக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன்.

வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வேலை விட்டதும் பட்டறையிலேயே குளிப்பார். படியேறுவதற்கு முன் தெருக்குழாயில் மறுபடி குளிப்பார். சட்டையை வெளியில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். என் எதிரில் சாப்பிட உட்கார மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ரசத்தைக் கடுகோடு சேர்த்துக் குனிந்து விழுங்குவார். "புள்ளி போடுங்களேன்," என்று நானே சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க," என்றார். தினமும் ஒரே கேள்வி கேட்பார். "நாத்தம் வருதா?"

"இல்லயே," என்பேன்.

வந்தது. எத்தனை குளித்தாலும் அந்த நாற்றம் கொஞ்சம் வரத்தான் செய்தது. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டேன், வருத்தப்பட்டேன், கோயிலில் போய் அழக்கூடச் செய்தேன். அருவருப்பு மட்டும் போகவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் உள்ளே வந்து வழக்கம் போலக் கேட்டார். நான் வழக்கம் போல இல்லை என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை நீண்டு சன்னலைத் திறந்துவிட்டது. திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது பாயும் பெட்டியும் இல்லை. பட்டறைக்குப் பின்னால் சாமான் போடுகிற கொட்டகையில் படுத்துக்கொள்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்க் கூப்பிட்டேன். "இங்க வசதியா இருக்குங்க," என்றார். நான் மறுபடி கூப்பிடவில்லை. அவர் வந்துவிடுவாரோ என்றுகூட உள்ளுக்குள் பயம் இருந்தது.

அதன் பிறகும் ஸ்டேஷன் பக்கம் அடிக்கடி எதிரில் வருவார். என்னைக் கண்டால் நிற்காமல் போனதில்லை. உடம்பை விசாரிப்பார், என் கல்யாணத்தை விசாரிப்பார், பிள்ளைகள் பிறந்த பிறகு பிள்ளைகளை விசாரிப்பார். பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் முகத்தைத் தூக்கி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்வார். பிறகு சுற்றி வந்து, தன்னைத் தாண்டி என் மேல் காற்று வீசாத பக்கமாக நின்றுகொள்வார். அவர் இருந்த வரைக்கும் அப்படித்தான் நின்று பேசினார். நானும் அவரை அப்படியே நிற்கவிட்டேன்.